மதுரை வரைக்கும் ஒரு ஒத்திகை

"தண்ணி குடிக்காம இருந்துக்கிட்டாப் போச்சு. ரெண்டு நாள்தானே பாப்பா?"

காசிப் பயணத்துக்குப் பெரியம்மா செய்துகொண்ட முதல் ஏற்பாடு இதுதான். பை வாங்கவில்லை, துணி எடுத்து வைக்கவில்லை. ரயிலில் கக்கூஸ் எப்படி இருக்குமோ என்ற யோசனை வந்ததுமே முடிவு எடுத்துவிட்டார். வயது 66. சர்க்கரைக்குக் காலையும் இரவும் மாத்திரை. வெயிலில் களை எடுக்கப் போனால் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்கிற ஆள், ரயிலில் ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்தே நாக்கைக் காயப்போடத் தயாராகிவிட்டார்.

எங்கள் ஊர் மகாராஜபுரம். மதுரையில் இந்தப் பெயரைச் சொன்னால், கச்சேரி கேட்கிறவர்கள் "சந்தானம் ஊரா?" என்பார்கள். அது தஞ்சாவூர்ப் பக்கம். இது வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறை போகிற வழியில், மேற்கு மலையின் காலடியில் இருக்கிற ஊர். ஆடி அமாவாசை வந்தால் சதுரகிரிக்குப் போகிற ஜனமெல்லாம் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். பெரியம்மாவும் போவார். வருஷம் தவறாமல், கட்டுச்சோற்று மூட்டையோடு, வழுக்குப்பாறையில் வாலிபப் பையன்களுக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டுப் போவார். அந்தக் கால்கள் இன்றுவரை ரயில் படியில் ஏறியதில்லை.

காரணம் பயம் இல்லை. எங்கள் பக்கத்தில் ரயில் என்பது வழியில் இல்லாத வஸ்து. ரயிலைப் பிடிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். அதற்கு வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் என்று பஸ்ஸில் சுற்ற வேண்டும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது, அப்படியே மதுரைக்கே போய்விடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். விருதுநகர்–தென்காசிப் பாதை போட்டது 1927-ல். கொல்லம் மெயில் மீட்டர்கேஜில் புகைவிட்டு ஓடிய காலத்தைப் பற்றி ராஜபாளையத்துக்காரர்கள் இன்னும் பேசுவார்கள். எங்கள் ஊரில் அந்த மாதிரிப் பேச்சே கிடையாது. மெட்ராஸ் போனவர்கள் பஸ்ஸில் போனார்கள். போகாதவர்கள் போகவில்லை.

காசி ஆசை போன வருஷம் முளைத்தது. ராமேஸ்வரத்துக்கு ஊர்க்காரர்களோடு பஸ்ஸில் போனவர், கடற்கரை மணலைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அள்ளிக்கொண்டு வந்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். ராமேஸ்வரத்து மணலைக் கங்கையில் கரைத்து, கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ராமநாதசாமிக்கு ஊற்ற வேண்டும். பாதி யாத்திரையைப் பாட்டிலில் அடைத்து வைத்தாயிற்று. மீதிப் பாதிக்கு யார் கூட்டிப்போவது என்பதுதான் கேள்வி. அம்மாவும் சேர்ந்துகொண்டாள். வேலை பார்க்கிற பெண், மதுரையில் இருக்கிறவள், கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

கம்ப்யூட்டர் தெரிந்தவள் செய்த முதல் காரியத்தைச் சொல்கிறேன். கன்னியாகுமரியிலிருந்து மதுரை வழியாகப் பனாரஸ் போகிற வாராந்திர வண்டி இருக்கிறது, 2023 டிசம்பரில் விட்டது. முன்பதிவு முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்னால் திறக்கும். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். நாளை எண்ணிக் காத்திருந்து, காலை எட்டு மணிக்குத் திறந்ததும் மூன்று பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டேன். இடம் உறுதி. வந்தவை இரண்டு அப்பர், ஒரு மிடில். காலையில் எழுந்ததும் முழங்காலைத் தேய்த்துவிட்டுத்தான் அம்மா நடப்பாள். அவளை எந்த ஏணியில் ஏற்றுவது?

பிறகுதான் விதியைப் படித்தேன். 60 வயது தாண்டிய ஆண்கள், 45 வயது தாண்டிய பெண்கள் ஆகியோருக்கு லோயர் பெர்த் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த வயதுக்காரர் தனியாகவோ இரண்டு பேராகவோ பதிவு செய்தால்தான் அது கணக்கில் வரும். கூட ஒரு இளவட்டத்தைச் சேர்த்தால் போயிற்று. பாசத்தோடு ஒரே டிக்கெட்டில் சேர்ந்து போவதற்கு ரயில்வேயில் சலுகை இல்லை. ரத்து செய்தேன். ஸ்லீப்பரில் ஆளுக்கு 120 வீதம் 360 ரூபாய் கழிந்தது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு டிக்கெட், எனக்குத் தனி டிக்கெட். அவர்களுக்கு இரண்டும் லோயர் கிடைத்தன, எஸ் 4-ல். எனக்கு எஸ் 7-ல் அப்பர். நடுவில் இரண்டு பெட்டி.

டிக்கெட் பேச்சு வந்ததால் ஒன்று. மூத்த குடிமக்களுக்கு முன்பு கட்டணச் சலுகை இருந்தது. பெண்களுக்குப் பாதி, ஆண்களுக்கு 40 சதவீதம். 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனாவுக்காக மூடிய எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள், இந்த ஒரு கதவைத் தவிர. வாழ்நாளில் முதல்முறை ரயில் ஏறுகிற பெரியம்மாவுக்கு அந்தச் சலுகை இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அது அவர்கள் ராஜ்ஜியம். வெள்ளிக்கிழமை காலைக்கு இட்லி, நல்லெண்ணெயும் பொடியும் தடவி வாழையிலையில் கட்டியது. தேங்காய்ச் சட்னி கூடாது, ஊசிப்போகும். மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் புளிச்சோறு. மறுநாளுக்குச் சப்பாத்தி, தக்காளித் தொக்கு. கொறிக்கச் சாத்தூர்க் காராச்சேவு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ. எதற்கு இரண்டு கிலோ என்று கேட்டேன். "போற எடத்துல நாலு பேர் இருப்பாகல்ல?" முன்பின் தெரியாதவர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தின்னக்கூடாது என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாம குடுக்கலாம்ல?" என்றார்.

பையின் அடியில் சின்ன கேஸ் அடுப்பு ஒன்று இருந்தது. மலைக்குப் போகிறபோது கொண்டுபோவதாம். விடியற்காலை ஒரு வாய் காப்பிக்கு. நான் சத்தம் போடவில்லை. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரையில் நடந்ததைச் சொன்னேன். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்களின் பெட்டி, மதுரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தனியாகக் கழற்றி நிறுத்தியிருந்தது. உள்ளே ஒளித்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர். அடுப்பைப் பற்றவைத்தார்கள், தீ பிடித்தது. ஒன்பது பேர் போய்விட்டார்கள். அவர்கள் வடக்கேயிருந்து தெற்கே சாமி கும்பிட வந்தவர்கள். நாம் தெற்கேயிருந்து வடக்கே போகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். பெரியம்மா ஒன்றும் பேசாமல் அடுப்பை எடுத்துப் பரணில் வைத்தார். கொஞ்சம் கழித்து, "ஏறி உக்காந்ததும் ஒரு சூடம் மட்டும்?" என்றார். சூடமும் கிடையாது. ஸ்டேஷனுக்கு வெளியே பிள்ளையாருக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆனது.

சட்டி பானை எல்லாம் சரியாயிற்று. தண்ணீர்ப் பிரச்சினை மட்டும் அப்படியே நின்றது.

இது பெரியம்மாவின் தனிக்கதை இல்லை. நீளப் பயணம் போகிற நம் பெண்கள் எத்தனையோ பேர் இதைத்தான் செய்கிறார்கள். பஸ்ஸிலும் இதே கதைதான். வழியில் நிறுத்துகிற ஓட்டலில் கழிப்பிடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்து உட்காருவார்கள். ஆண்கள் சாலை ஓரத்தைப் பார்த்து இறங்கிவிடுவார்கள். சர்க்கரை இருக்கிறவர் இரண்டு நாள் தண்ணீரை அடக்கினால் தலைசுற்றலும் நீர்க்கடுப்பும் வரும். காசி விஸ்வநாதரைப் பார்ப்பதற்குள் டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். இதைச் சொல்லிப் பயமுறுத்தினேன். பயப்பட்டார். ஆனால் தண்ணீர் குடிப்பேன் என்று சொல்லவில்லை. பார்க்காத கக்கூஸைப் பற்றிய பயத்தைப் பேசித் தீர்க்க முடியாது, காட்டித்தான் தீர்க்க வேண்டும்.

அதனால் ஒத்திகை வைத்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை, செங்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போகிற காலைப் பாசஞ்சர். ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று டிக்கெட். பஸ் கட்டணத்தில் பாதிகூட இல்லை. பெரியம்மா கல்யாணத்துக்குப் போவதுபோல மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். பிளாட்பாரத்தில் நின்று தண்டவாளத்தை எட்டிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "இது எங்க போயி முடியுது?"

வண்டி வந்தது. கைப்பிடியை எப்படிப் பிடிப்பது, எந்தக் காலை முதலில் வைப்பது, பையை யார் வாங்கிக்கொள்வது என்று பாடம் எடுக்க வாயைத் திறப்பதற்குள் அவர் ஏறிவிட்டார். மலையேறுகிறவர்களுக்குப் படி ஒரு பொருட்டில்லை. ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தார். சிவகாசி வந்ததும் பலகையைப் படித்துவிட்டு, "ஒரு காசிக்கு வந்தாச்சு" என்றார். இந்தப் பாதையின் அந்த முனையில் தென்காசி. ஒரே தண்டவாளத்தில் இரண்டு காசியை வைத்துக்கொண்டு மூன்றாவது காசிக்கு எதற்குப் போகிறோம் என்று அம்மா கேட்டாள். பெரியம்மா பதில் சொல்லவில்லை. பட்டாசு வாங்கி வரும்படி யாராவது சொன்னால் ரயிலில் கொண்டுபோகக்கூடாது என்று நான் ஒரு பொதுஅறிவைச் சொருகினேன். அதையும் யாரும் கேட்கவில்லை.

விருதுநகர் தாண்டியதும் பாடம் ஆரம்பித்தது. மூன்று பேரும் பெட்டியின் கோடிக்குப் போனோம். கதவைத் திறந்து காட்டினேன். கால் வைக்கிற இடம், பிடித்துக்கொள்கிற கம்பி, சங்கிலியில் கட்டிய குவளை. குழாய் திருகுகிற குழாய் இல்லை. அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் தண்ணீர் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். பெரியம்மா நின்று கணக்குப் போட்டார். ஒரு கை கம்பியைப் பிடிக்க, ஒரு கை குழாயை அமுக்க. "குவளையைப் பிடிக்க மூணாவது கைக்கு எங்க போறது?" ரயில் பெட்டி வடிவமைக்கிற பொறியாளர்கள் யாராவது இந்தப் பத்தியைப் படித்தால் பதில் எழுதுங்கள். அப்போதைக்கு நான் சொன்ன வழி: முதலில் குவளையை நிரப்பி மூலையில் வைத்துவிடு, பிறகு உட்கார். கூடவே வீட்டிலிருந்து ஒரு லிட்டர் காலி பாட்டில் கொண்டுபோ. சங்கிலி இல்லாத குவளை அது.

தாழ்ப்பாளைப் பத்து முறை போட்டு எடுத்துப் பழகினார். உள்ளே மாட்டிக்கொள்வோமோ என்பதுதான் பாதி பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னொன்றும் சொன்னேன். முன்பெல்லாம் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது கழிப்பறைக்குப் போகக்கூடாது என்று எழுதியிருப்பார்கள், நேரே தண்டவாளத்தில் விழும் என்பதால். இப்போது பெட்டிக்கு அடியிலேயே தொட்டி வைத்து, கழிவை நுண்ணுயிரிகள் மட்கச் செய்கிற பயோ டாய்லெட். அதனால் பெரிய ஸ்டேஷனில் வண்டி நிற்கிற பத்து நிமிஷம்தான் வயசானவர்களுக்குத் தோதான நேரம். ஆட்டம் இருக்காது, மூன்றாவது கையும் வேண்டாம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, அம்மாவைக் கதவுக்கு வெளியே காவல் நிறுத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

திருமங்கலத்தில் வண்டி நின்றது. பெரியம்மா எழுந்தார். "நீ இங்கேயே இரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். வண்டி கிளம்பி, ஆட ஆரம்பித்த பிறகுதான் வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார். உட்கார்ந்து என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, பாதியைக் காலி செய்தார்.

மதுரையில் ஒரு தோல்வி. நகரும் படிக்கட்டு. சதுரகிரி ஏறுகிற கால் அதன் முன்னால் வந்து மாடு மாதிரி நின்றுவிட்டது. பின்னால் கூட்டம் முட்டியது. "அது நடக்கட்டும், நாம ஏறிக்கிருவோம்" என்று அம்மாவை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சாதாரணப் படியில் ஏறி, மேலே போய் எங்களுக்காகக் காத்திருந்தார். அதை நான் வற்புறுத்தவில்லை. அம்மா லிஃப்டில் வந்தாள்.

திரும்பி வருகிற வழியில் மீதி விஷயங்களைச் சொல்லி முடித்தேன். மிடில் பெர்த்காரர் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைதான் படுக்கையைத் தூக்கிவைக்கலாம். அதற்கு முன்னால் வந்து விரித்தால் பணிவாகச் சொல்லலாம். லோயர் பெர்த்துக்கு அடியில் வளையம் இருக்கும், பையைச் சங்கிலியால் அதில் பூட்ட வேண்டும். ஆதார் கார்டும் மாத்திரையும் பூட்டுகிற பையில் போகக்கூடாது, கைப்பையில்தான். என் நம்பர், பெட்டி எண், டிக்கெட்டின் பத்து இலக்க எண் மூன்றையும் காகிதத்தில் எழுதி இருவர் சுருக்குப்பையிலும் வைத்தாயிற்று. பட்டன் போன் சார்ஜ் போய்விட்டால் காகிதத்துக்கு ஒன்றும் ஆகாது. டிக்கெட் போடும்போது 45 பைசாவுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று கேட்டது. போட்டிருக்கிறேன். இந்தக் காலத்தில் 45 பைசாவுக்கு வேறு என்ன கிடைக்கும்?

இறங்குகிற இடம் முக்கியம். அந்த ஊருக்கு மூன்று பெயர், மூன்றுக்கும் தனித்தனி ஸ்டேஷன். வாரணாசி ஜங்ஷன் ஒன்று. காசி என்ற பெயரிலேயே இன்னொன்று. எங்கள் வண்டி போய் நிற்பது பனாரஸில். 2021 வரை அதற்கு மண்டுவாடி என்று பெயர். காசி என்ற பலகையைத் தேடிக்கொண்டிருந்தால் இறங்கவே முடியாது. வண்டி அதோடு முடிகிறது என்பதால் பிழைத்தோம். "எல்லாரும் எறங்கினா எறங்கு" என்று அம்மா பெரியம்மாவுக்குச் சுருக்கிச் சொன்னாள். நான் சொன்னதைவிட அது நன்றாக இருந்தது.

தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. வண்டி கன்னியாகுமரியில் வியாழக்கிழமை கிளம்பி, நடுச்சாமம் தாண்டித்தான் மதுரைக்கு வருகிறது. அதனால் எங்கள் டிக்கெட்டில் வெள்ளிக்கிழமை என்று போட்டிருக்கும். வெள்ளிக்கிழமைதானே என்று அன்றைக்கு ராத்திரி போனால் வண்டி அடுத்த மாநிலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். படித்தவர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். பெரியம்மா வீட்டுக் காலண்டரில் வியாழக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

சிவராத்திரிக்குச் சதுரகிரி போகாமல் வரமாட்டேன் என்றதால் பயணத்தை அதற்கடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறோம். பசுவைச் சித்தப்பா வீட்டில் கட்டுவதாக ஏற்பாடு. தென்னந்தோப்புக்குள் யானை வந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பெரியம்மா இருந்தால் மட்டும் யானை கேட்டுக்கொண்டா வரும் என்றால், "நான் தகரத்தைத் தட்டுவேன்ல" என்கிறார்.

அந்த வெள்ளிக்கிழமை வண்டியில் எஸ் 4-ல் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். நான் மூன்று பெட்டி தள்ளி எஸ் 7-ல் அப்பர் பெர்த்தில் இருப்பேன். உங்கள் எதிரில் பூ வைத்த ஒரு அம்மா பால்கோவாவை நீட்டுவார். வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். காலையில் தண்ணீர் குடித்தாரா என்று மட்டும் ஒரு வார்த்தை கேளுங்கள்.